இரண்டாம் சரணத்தில் ஓர் இறக்கம்

பாட்டு விஷயத்தில் மகேசனுக்கு ஒரே ஒரு கொள்கைதான். சிடி வந்த நாளோடு பாட்டு செத்துவிட்டது. துபாய் கராமாவில் அவருடைய ஃப்ளாட்டுக்கு வந்து ஒரு தேநீர் குடித்த எல்லோருக்கும் இந்தக் கொள்கை தெரியும். அதற்கு அவர் வைத்திருந்த சாட்சியும் தெரியும். அது மழையைப் பற்றிய ஒரு பழைய சினிமாப் பாட்டு.

"ரெண்டாவது சரணம் மூண்டாவது வரியில பாட்டு அப்பிடியே கீழ இறங்கும். ஏதோ பள்ளத்துக்குள்ள இறங்கிற மாதிரி. பேந்து மெல்ல எழும்பி வரும். கசற்றில அது இருந்தது. சிடிக்காரன் அதை இஸ்திரி போட்டு நேராக்கிப்போட்டான். இப்ப ஃபோனில வாறதும் அந்த இஸ்திரி போட்டதுதான்."

அவர் இதைச் சொல்லும்போது மனைவி கஜந்தி சமையலறையில் நின்றபடி, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் கூடவே சொல்வாள். பதினேழு வருடமாகக் கேட்கிறாள்.

மகேசனுக்கு நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய். ஜெபல் அலியில் ஒரு கப்பல் கம்பெனியில் டாக்குமெண்ட் பிரிவில் வேலை. வாரம் ஐந்து நாள் கண்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பார். சனிக்கிழமை மாலையானால், கராமாவில் ஒரு உணவகத்தின் மாடியில் இருக்கும் பார்ட்டி ஹாலுக்குப் போய்ப் பாடுவார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் மெல்லிசைக் குழு அது. எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று மேடை கிடைக்கும். எந்த மேடையானாலும் மகேசனுக்கு மழைப் பாட்டு ஒன்று உண்டு. பெண் குரல் பாட்டுத்தான், ஆனாலும் தனக்கு வேண்டும் என்று வேறு யாரும் கேட்டதில்லை, அவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒன்பது வருடம் அவருக்குத் தபேலா வாசித்தது புதுக்கோட்டைக்கார வேலுச்சாமி. அபுதாபி முசஃபாவில் ஒரு இரும்பு வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். சனிக்கிழமை ட்யூட்டி முடிந்ததும், தபேலாவை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். மகேசன் இரண்டாம் சரணத்தில் இறங்கினால் வேலுச்சாமியின் விரலும் கூடவே இறங்கும். அவர் எழுந்தால் அதுவும் எழும். இப்படியே ஒன்பது வருடம் ஓடியதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

போன வருடம் வேலுச்சாமியை அவருடைய கம்பெனி ஓமானில் சொஹார் சைட்டுக்கு அனுப்பிவிட்டது. வேறு தபேலாக்காரர் அகப்படவில்லை. கீபோர்டு வாசிக்கிற பாலமுரளி, "ட்ராக் போட்டுக்கலாம்ணே" என்றான். திருச்சிப் பையன், வயது முப்பது. ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். பாட்டின் குரலை மட்டும் எடுத்துவிட்டு மீதி வாத்தியங்களை எல்லாம் அப்படியே லேப்டாப்பில் வைத்திருந்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு ஐந்து வாரம் இருந்தது.

முதல் ஒத்திகையில் மகேசன் பல்லவியை ஜோராக ஆரம்பித்தார். முதல் சரணமும் நன்றாகவே போயிற்று. இரண்டாவது சரணத்தில் மூன்றாவது வரி வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் இறங்கினார். ட்ராக் இறங்கவில்லை. அது தன் பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. அவர் பள்ளத்திலிருந்து மேலே வந்து பார்த்தபோது, வயலின்கள் பாட்டை முடித்துவிட்டன. கையில் இன்னும் ஒன்றரை வரி மீதி இருந்தது. அதை வாத்தியம் இல்லாமலே பாடி முடித்தார். யாரோ சிரித்தார்கள்.

"மகேசண்ணே, அந்த இடத்துல பின்னாடி போயிடுறீங்க" என்றான் பாலமுரளி.

"நான் பின்னுக்குப் போகேல்லை. உம்முடைய ட்ராக்தான் பிழை."

"ட்ராக் ஒரிஜினல் டெம்போண்ணே."

"அது சிடிக்காரன் நேராக்கின ஒரிஜினல். கசற்றில கேட்டிருக்கிறீரோ?"

"கேசட்டா. எங்க வீட்ல அதைப் பரண்லதான் பார்த்திருக்கேன்."

இன்னும் நான்கு தடவை பாடினார். நான்கு தடவையும் ட்ராக் அவரை விட்டுவிட்டுப் போனது. ஐந்தாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பாடிப் பார்த்தார். சரியாக முடிந்தது. ஆனால் பாடியதுபோலவே இல்லை, கண்டெய்னர் எண் வாசித்ததுபோல் இருந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "கசற்றைக் கொண்டுவந்து காட்டுறன்" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, கேசட்டுக்கு எங்கே போவது. விசாரித்ததில் ஷார்ஜாவில் ரோலா பக்கம் கலீலுர் ரஹ்மான் என்பவரின் பெயர் கிடைத்தது. கீழக்கரைக்காரர். பழைய ரேடியோ, டேப்ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், அவரிடம் இல்லாத கேசட் இல்லை என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலமுரளியே காரில் கூட்டிக்கொண்டு போனான். அண்ணன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாமே என்று அவனுக்கும் ஒரு சபலம்.

கலீலுர் ரஹ்மான் அறுபதைத் தாண்டியவர். கடைக்குள் இரண்டு பேர் உட்கார இடம் பண்ணுவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. சுலைமானித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மகேசன் தன் கொள்கையைத் தொடக்கத்திலிருந்து முழுவதும் எடுத்துச் சொன்னார். கலீலுர் ரஹ்மான் மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. எழுந்துபோய் அந்தப் பாட்டின் கேசட்டையே எடுத்துவந்தார். பெரிய ஜப்பான் டெக் ஒன்றில் போட்டார்.

இரண்டாம் சரணம் வந்தது. மூன்றாவது வரியும் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"இது பிறகு அடிச்ச கசற்றா இருக்கும்" என்றார் மகேசன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இருக்கலாம்" என்றார் கலீலுர் ரஹ்மான். இந்த முறை இசைத்தட்டே வந்தது. படம் வந்த வருடத்திலேயே வந்த தட்டு. ஊசியை வைத்தார். கரகரப்பு வந்தது, மழை வந்தது, பல்லவி வந்தது. மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். பாட்டு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

மகேசன் சுலைமானியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். ஜெபல் அலியில் ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

கலீலுர் ரஹ்மான் தட்டை உறையில் போட்டபடி கேட்டார். "நீங்க எந்த செட்ல கேட்டது?"

"வீட்டில ஒரு சின்ன றெக்கோடர் இருந்தது. நாஷனலோ என்னவோ."

"கரண்ட்லயா, பேட்டரியிலயா?"

"கரண்ட் ஏது. தொண்ணூறில திரும்பச் சண்டை தொடங்கினதோட எங்களுக்குக் கரண்டே இல்லை. பற்றரி வர விடமாட்டாங்கள், தடை. சைக்கிள் டைனமோவில இருந்து வயர் இழுத்துத்தான் கேட்டனாங்கள். சைக்கிளை ஸ்ராண்டில விட்டு ஒராள் உழக்கோணும், மற்றவை இருந்து..."

அத்தோடு நின்றுவிட்டார்.

பிறகு பாலமுரளி மெதுவாக, "யாருண்ணே மிதிச்சது?" என்றான்.

"அண்ணா" என்றார் மகேசன்.

முதலில் சிரித்தது அவர்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கால் களைத்தால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் மோட்டார் தளரும், மோட்டார் தளர்ந்தால் பாட்டு இறங்கும். அண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டாவது சரணத்தில்தான் மூச்சு வாங்கியிருக்கிறது. கலீலுர் ரஹ்மான் தன் நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு பழுதைக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

திரும்பி வரும்போது இத்திஹாத் ரோட்டில் வழக்கமான நெரிசல். மகேசனின் சிரிப்பு அடங்கி, ஒரு மாதிரி வெறுமை வந்திருந்தது. இவ்வளவு நாளும் தன் காது தனி என்று நினைத்திருந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றான் பாலமுரளி. "நான் காலேஜ்ல பாட்டெல்லாம் திருட்டு சைட்லதான் இறக்குவேன். அதுல ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் ஒரு பொண்ணு வந்து அந்த சைட் பேரைச் சொல்லும். எனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்கு, இப்ப காசு கட்டி நல்ல ஆப்ல கேக்குறேன். ஆனா அந்தப் பொண்ணு குரல் வராம புல்லாங்குழல் ஆரம்பிச்சா, யாரோ கதவைத் தட்டாம உள்ள வந்த மாதிரி இருக்கு. மனசுக்குள்ள நானே அந்தப் பேரைச் சொல்லிட்டுத்தான் கேக்குறேன்."

மகேசன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையாவோ?"

"என் கல்யாண வீடியோவுல அந்தப் பாட்டு வருது. எடிட் பண்ணவன்கிட்ட அந்தப் பொண்ணையும் சேத்துடுப்பான்னு கேட்டிருப்பேன். மானம் போயிடும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு ஃபோன் போட்டார். அண்ணன் குகதாசன் கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இருபது வருடமாக இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன். அன்று அவருக்கு ஓய்வு நாள். மகேசன் ஷார்ஜாவில் நடந்ததை எல்லாம் சொல்லி, "உங்கட களைப்பை நான் முப்பது வருஷமாப் பாட்டெண்டு நினைச்சிருக்கிறன் அண்ணா" என்று முடித்தார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே இல்லை.

"ஆர் களைச்சது?" என்றார் குகதாசன்.

"நீங்கள்தான். மூண்டாவது வரியில."

"எனக்கு அப்ப பதினாறு வயசு. பள்ளிக்கூடத்துக்குப் போக வர எட்டு மைல் உழக்கினவன். ஒரு பாட்டுக்குக் களைப்பனோ?"

"அப்ப ஏன் இறங்கினது?"

"நான்தான் இறக்கினனான். வேணுமெண்டு."

மகேசன் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அந்த வரியில பாடுறவவின்ர குரல் ஒரு வளைவு வளைஞ்சு வரும். எனக்கு அது கெதியா முடிஞ்சு போறது பிடிக்கேல்லை. ஒருநாள் காலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தன். குரல் தடிச்சு, ஆழமா, வேற ஆரோ மாதிரி வந்தது. பிடிச்சுக்கொண்டுது. பிறகு ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். எந்தச் சொல்லில தளர்த்தோணும், எந்தச் சொல்லில பிடிக்கோணும் எண்டு எனக்குக் கணக்கிருந்தது."

"ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொன்னால் அப்பா பாட்டைப் பழுதாக்கிறாய் எண்டு பேசுவார். நீயும், ஒழுங்கா உழக்கு எண்டு கத்துவாய். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய், நானும் விட்டிட்டன்."

ஃபோனை வைத்த பிறகு மகேசன் பால்கனியில் போய் நின்றார். கீழே யாரோ காரை நிறுத்த இடம் தேடி மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தார்கள். பிழை என்று ஆனபோது வந்த வெட்கம் இப்போது போய்விட்டது. அந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை வந்திருந்தது. தன் ரசனை, தன் ரசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது, அண்ணனுடைய கால் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அந்த அண்ணனோ பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி இவர் கேட்டதே இல்லை.

கஜந்தியிடம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப சிடிக்காரனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பாலமுரளி வேறொரு யோசனையோடு வந்தான். அந்த ஒரு வரியில் மட்டும் ட்ராக்கை மெதுவாக்கி வைத்திருந்தான். மகேசன் ஆசையோடு பாடினார். வேகம் குறைந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. நடப்பவர் மெதுவாக நடக்கிறார், பள்ளம் மட்டும் இல்லை. அந்த ட்ராக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தடவை போட்டுக் கேட்டார். பதினைந்து வயது மகள் மிதுசா சோபாவில் ஃபோனோடு கிடந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, உங்கட ஃப்ரெண்ட் பிட்ச்சை லாக் பண்ணியிருக்கிறார். ஸ்பீட் மட்டும் குறைஞ்சிருக்கு. சுருதியும் சேர்ந்து இறங்கோணுமெண்டால் லாக்கை எடுக்கோணும். தாங்கோ."

அவள் ஏதோ செயலியில் இரண்டு இடத்தில் விரலை இழுத்தாள். பாட்டு ஓடியது. மூன்றாவது வரியில் வயலின்கள் தடித்து, தபேலா கனத்து, எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. மகேசன் உட்கார்ந்துவிட்டார். அவர் தலைக்குள் இருந்தது அப்படியே வெளியே கேட்டது.

"உனக்கு இது எப்பிடித் தெரியும்?"

"அப்பா, இது ஜஸ்ட் ஸ்லோட் வெர்ஷன், பாட்டை வேணுமெண்டு மெதுவாக்கிறது. எல்லாரும் செய்யினம். என்ர ப்ளேலிஸ்ட் முழுக்க இப்பிடித்தான். நீங்கள்தானே அதைக் கேட்டால் பேய்ப் பாட்டு, நிப்பாட்டு எண்டு பேசுறனீங்கள்."

கஜந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேய்ப் பாட்டு" என்று சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள்.

நிகழ்ச்சி ஊத் மேத்தாவில் ஒரு சங்கத்தின் அரங்கில் நடந்தது. நானூறு பேர் இருக்கும். ஒலி அமைப்பு ஷம்சாத் பாய், பெஷாவர்க்காரர். பாலமுரளி அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தான், மிதுசா இறக்கிவைத்த அந்த ஒரு வரியைத் தவிர. இரண்டாம் சரணத்தில் பாட்டு இறங்க ஆரம்பித்ததும் ஷம்சாத் பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஒலியைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனார். பாலமுரளி கீபோர்டை விட்டு எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "டீக் ஹை பாய், டீக் ஹை", எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

மேடையில் மகேசனுக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணை மூடியிருந்தார். சுருதியே காலடியில் இறங்கும்போது கூடவே இறங்கிப் பாடுவது லேசான காரியமில்லை. குழுவில் வேறு யார் முயன்றிருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக தனக்கு நினைவிருந்த அண்ணனுடைய கணக்கின்படியே இறங்கி, அதேபோல் ஏறி வந்தார்.

அரங்கில் பாதிப் பேர் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், பழுது தன் ஃபோனில்தான் என்று அதைத் தட்டிப் பார்த்தார். நான்காவது வரிசையில் யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த சுந்தரம்பாள் என்ற அம்மா, முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பக்கத்திலிருந்த மகளுக்கு விளக்குவதற்காகக் கையை வட்ட வட்டமாகச் சுற்றிக் காட்டினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சுற்றினார்கள். கைதட்டல் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது. மற்றவர்கள் காரணம் தெரியாமலே தட்டினார்கள்.

"நாங்கள் சைக்கிளைக் கவிட்டுப் போட்டுக் கையால சுத்தினனாங்கள், தம்பி" என்றார் சுந்தரம்பாள், நிகழ்ச்சி முடிந்ததும் மகேசனைத் தேடி வந்து. "எங்கட வீட்டில பாட்டு முழுக்கவே நடுங்கும்."

வீடியோ ராஸ் லஃபானுக்குப் போனது. குகதாசன் மறுநாள் பதில் போட்டார். "நல்லம். ஆனா ரெண்டு சொல் முந்தி இறக்கியிருக்கோணும்." சொஹாருக்கும் போனது. வேலுச்சாமி குரல் பதிவே அனுப்பியிருந்தார். "அப்படியாண்ணே சங்கதி. நான் ஒம்பது வருசமா நீங்க அந்த எடத்துல வரியை மறந்துட்டுத் தேடுறீங்கன்னுல்ல நெனச்சேன். சரி, பாவம், சபையில விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நானும் கூடவே மெதுவாப் போட்டுக்கிட்டிருந்தேன்."

மகேசன் அதைக் கஜந்திக்குப் போட்டுக் காட்டவில்லை. அவளே எடுத்துக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து, விஷயம் கேள்விப்பட்டவர்களிடமிருந்து பாலமுரளியின் ஃபோனுக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. ஒருவருடைய வீட்டுக் கேசட்டில் பல்லவிக்கு நடுவே நாடா சிக்கி இரண்டு சொல் கிடையாது, அந்த இரண்டு சொல்லும் இல்லாத பாட்டு வேண்டும். இன்னொருவருக்கு, வானொலியில் பிடித்த பாட்டு என்பதால் கடைசி வரியில் நேரம் சொல்லும் குரல் வர வேண்டும். திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு, திருவிழா ஒலிபெருக்கியில் காற்றடித்ததுபோல் பாட்டு போய்ப் போய் வர வேண்டும். பாலமுரளி எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் எழுதிவைத்தான். கடைசியில் தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டான்.

சுந்தரம்பாள் ஒத்திகை நடக்கும் ஹாலுக்கு நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய பாட்டில் ஒரு இருமல் இருந்ததாம். கேசட் பதியும்போது அறைக்குள் இருந்த அவருடைய அத்தையின் இருமல் அது. அத்தை இப்போது இல்லை, கேசட்டும் இல்லை.

"ஆனா எப்பிடி இருமினவ எண்டு நான் செய்து காட்டுவன்" என்றார்.

பாலமுரளி மின்விசிறியை நிறுத்தினான். கீழே உணவகத்துக்கு ஆள் அனுப்பி, மிக்ஸியை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னான். மகேசன் மைக்கை அவருடைய உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். சுந்தரம்பாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருமினார். கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டாவதும் சரியில்லை, அது சளி பிடித்த தடிமன் இருமல் என்றார். அத்தைக்கு வறட்டு இருமல். நான்காவது தடவை இருமிவிட்டு, ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓம்" என்றார். "இதுதான்."